சவரக் கத்தியாக்கிய கொடுவாள்

மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் பதினோரு மணிக்குப் பொள்ளாச்சி பஸ்ஸில் கொழிஞ்சாம்பாறை வந்து இறங்குவார்கள். பத்தரைக்கு, பெண்ணைப் பெற்ற நான், வாய்க்கால் கரை முள்மூங்கில் புதருக்குள் சிக்கிக்கொண்டு நின்றேன். எழுபதுகளில் நடந்தது இது. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. புத்திக்கு இன்னும் ஆகவில்லை.

வாசல் பந்தலுக்கு ஒரு கால் குறைந்தது. ஒரே ஒரு மூங்கில் வெட்டத்தான் நுழைந்தேன். வினை என் கொடுவாளில் இருந்தது. கிளி மூக்குப் போல வளைந்திருந்த அதன் நுனியை, அழகாக இல்லையென்று ஒரு வாரம் கிணற்றடிக் கல்லில் தேய்த்து நேராக்கியிருந்தேன். வெட்டும் வாயையும் படுக்கப் போட்டுத் தேய்த்து, கை மயிர் சிரைக்கிற அளவுக்கு மெலிதாக்கிவிட்டு மனைவியிடம் காட்டினேன்.

"ஏனுங்க, மூங்கில வெட்டப் போறீங்களா, அதுக்குச் சவரம் பண்ணப் போறீங்களா?"

தவழ்ந்து உள்ளே போய் வெட்டினேன். மூங்கில் விழவில்லை. தலை மேலே பின்னிக்கிடக்க, அடி மட்டும் சறுக்கி, நான் வந்த வழியை முள்கிளைகளோடு அடைத்துக்கொண்டு நின்றது.

கிளைகளை வெட்டப் பார்த்தேன். இழுத்துப் பிடிக்கக் கொடுவாளில் மூக்கு இல்லை. கிளை வழுக்கிப் போய், திரும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தது. மூங்கிலையே கணுவில் நேராக ஒரு போடு போட்டேன். வாய் வெற்றிலை போல மடங்கியது. கணுவுக்கு மேலே சாய்த்துப் போட்டேன். ஆழமாக இறங்கிற்று, அவ்வளவுதான். தடித்த வாயாக இருந்தால் மூங்கிலைப் பிளந்து தானே இடம் பண்ணிக்கொள்ளும். என்னுடையதை மூங்கில் கவ்விக்கொண்டது.

அப்போது கணுக்காலில் ஏதோ சில்லென்று ஊர்ந்தது. மூச்சை அடக்கி, பழனிக்கு மொட்டை நேர்ந்துகொண்டு, கீழே பார்த்தேன். வாய்க்காலில் நனைந்த என் வேட்டி நுனி.

"உள்ள என்ன பண்றீங்க?" வெளியே மனைவியின் குரல்.

"சும்மா நிக்கறேன்."

"அவங்க வந்து ஒக்காந்துட்டாங்க. பொண்ணோட அப்பா எங்கன்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"சந்தைக்குப் போயிருக்காருன்னு சொல்லு."

காலடிச் சத்தம் வீட்டுப் பக்கம் போயிற்று. சோளத்தட்டு வெட்டும் தன் கொடுவாளை எடுக்கத்தான் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கூடவே இன்னொரு செருப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா. இந்தச் சம்பந்தம் போயே போயிற்று என்று நினைத்தேன்.

"குடுங்கம்மா" என்று கொடுவாளை வாங்கினார். வளைந்த மூக்கால் ஒரு கிளையைக் கொக்கி போட்டு இழுப்பார், வெட்டுவார், ஒதுக்குவார். பத்து நிமிடத்தில் வழி பிறந்தது. நான் வெளியே வந்தேன்; வேட்டி வரவில்லை. மனைவி தன் தோளில் கிடந்த துண்டைத் தந்தாள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மூங்கிலில் சிக்கியிருந்த என் கொடுவாளை ஆட்டி ஆட்டி உருவி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாருங்க தீட்டுனது?"

மனைவியைப் பார்த்தேன். அவள் வாய்க்காலைப் பார்த்தாள்.

"நானுங்க."

"பொண்ணுக்குச் சோறாக்கச் சொல்லிக்குடுத்தது?"

"அவங்கம்மாங்க."

"அப்பச் சரிங்க" என்றார். "கல்லு எங்கீங்க இருக்குது?"

மகள் காபியைக் கிணற்றடிக்குத்தான் கொண்டுவந்தாள். அவர் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "கொஞ்சம் நிமித்திப் புடிக்கோணுங்க, சம்மந்தி" என்று என் கொடுவாளைத் தேய்க்க, நான் இடுப்பில் துண்டோடு தண்ணீர் ஊற்றினேன்.