நாளைக்கான கிழங்கு

ஞாபினிச் சந்தியில் என் காய்கறிக் கடைக்கும் முச்சிரியின் சிப்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் வைதீராவைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. வேறு யார் சொன்னாலும் பாதி பொய்யாக இருக்கும்.

வைதீரா முச்சிரிக்குக் கிழங்கு சீவுகிறவள். சாயங்காலம் அடுப்பு அணைந்ததும் வருவாள். கடையின் பின்பக்கம் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து, மறுநாளைக்கான உருளைக்கிழங்கைத் தோல் சீவி, முழுசு முழுசாக வாளித் தண்ணீரில் போட்டு வைப்பாள். தண்ணீரில் போடாவிட்டால் விடிவதற்குள் கறுத்துப்போகும். காலையில் அதை விரல் நீளத்துக்கு நறுக்கிப் பொரிப்பது முச்சிரியின் பாடு.

அவள் எங்கள் மலைக்குளிருக்குப் பிறந்தவள் இல்லை. கீழே முராங்காப் பக்கம், காப்பியும் வாழையும் விளைகிற வெயில் ஊர். கமந்தேயைக் கட்டிக்கொண்டு இந்தக் கினாங்கோப்பு மேட்டுக்கு வந்தாள். வந்த புதிதில் வாளித் தண்ணீரில் கை வைத்துவிட்டு அழுதாளாம். கமந்தே நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. நிலம் கொழுந்தன்மாரிடம் போயிற்று. இவள் கையில் கத்தி மட்டும் மிஞ்சியது.

சீவும்போது அவள் இங்கே இருக்க மாட்டாள். மத்தியானத்துக்கு மேல் நியாந்தருவா மலையிலிருந்து மூடுபனி இறங்கி எங்கள் கடைகளின் பின்பக்கத்தை நிரப்பிவிடும். வாளித் தண்ணீரும் கிழங்கு மாவில் வெளுத்துவிடும். பனி எது, தண்ணீர் எது என்று தெரியாத வெள்ளையில் அவள் கை மட்டும் அசைந்துகொண்டிருக்கும். ஒருமுறை யாரோ வந்து, "உப்பு இருக்கா?" என்று கேட்டதற்கு, "ஆத்துக்கு அந்தப் பக்கம்" என்றாள், ஏதோ தன் ஊரில் இருக்கிற மாதிரி. எனக்குக் கோபமாக வரும். ஆனால் அந்தத் தோல் அறுபடாமல் சுருண்டு சுருண்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்று, முட்டைக்கோஸ் வாங்க வந்தவளை நானே மறந்த நாளும் உண்டு. என் கண்ணுக்கும் ஏதோ ஒரு வாழைத்தோப்பு தெரிந்தது, நான் பார்த்தே இராத தோப்பு.

போன குளிர்காலத்தில்தான் முச்சிரி வாயைத் திறந்தான். ஊரையே கிண்டலடிக்கிற அந்த ஆளுக்கு இவள் முன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தகரத்தின் வழியாகக் கேட்டேன்.

"வைதீரா, நீ இங்கயே இருந்துடேன்."

"இங்கதானே இருக்கேன்."

"அதில்ல. என் வீட்ல. எனக்குப் பொண்டாட்டியா."

ஒரு கிழங்கு தண்ணீரில் விழும் சத்தம். பிறகு இன்னொன்று.

"தண்ணி மாத்தணும்" என்று எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான் பதில்.

அதே வாரம் அவள் அண்ணன் கரங்கா கீழேயிருந்து வந்தான். "இந்தக் குளிர்ல யாருக்காகம்மா கெடக்கறே? அங்க உனக்கு ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கேன். வந்துடு" என்றான். அவனுக்கும் டீ கொடுத்து அனுப்பினாளே தவிர, ஆம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முச்சிரியோடு இருப்பாளா, வெயிலுக்குப் போவாளா என்பதுதான் எங்கள் சந்தியின் பேச்சு. அவளைத் தவிர எல்லோரும் பேசினோம்.

ஒருநாள் காலை முச்சிரி கடையைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். எப்போதும் இரண்டு வாளி இருக்கும் இடத்தில் நான்கு வாளி இருந்தன, எல்லாவற்றிலும் சீவிய கிழங்கு. ஊருக்கு ஊர் ஆள் ஏற்றுகிற முதல் மடாட்டு வண்டியிலேயே வைதீரா கீழே போய்விட்டாள் என்று வண்டிக்காரன் சொன்னானாம்.

"போயிட்டா, கிபே அம்மா."

"யாரு சொன்னா?"

"இந்த வாளியப் பாரு. நாளைக்கும் சேர்த்துச் சீவிட்டா. இனிமே என் மூஞ்சியில முழிக்க வேணாம்னுதான்."

"ஒரேயடியாப் போறவ எதுக்குய்யா நாளைக்குச் சீவறா? மூட்டைய அப்படியே போட்டுட்டுப் போயிருப்பா."

"நல்லவ. அதான்."

"அப்போ நாளன்னைக்கு? அன்னைக்கு மட்டும் நல்லவ இல்லையா? ரெண்டு நாள் லீவு கேட்டிருக்கா, மக்கு."

"லீவுன்னா வாயால கேக்கணும்."

"அவ என்னைக்கு வாயால பேசினா?"

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் நிச்சயமில்லை. சீவிய கிழங்கு எத்தனை நாள் தாங்கும்? முச்சிரி வாளிகளில் தண்ணீரை மாற்றினான், மாற்றினதையே மறுபடி மாற்றினான். எண்ணெய்ச் சட்டியில் கிழங்கு கருகும்வரை சாலையைப் பார்த்தான். "கரி தனியா, சிப்ஸ் தனியா குடுப்பா" என்று லாரிக்காரர்கள் சீண்டினார்கள். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் வாளிகள் காலியாகிவிட்டன. வண்டிகள் வந்துபோயின, அவள் வரவில்லை. பனி இறங்கி, எதிர்க்கடையே தெரியவில்லை. எட்டிப் பார்த்தால், முச்சிரி அவளுடைய பெட்டிமேல் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். முஷ்டி அளவுக் கிழங்கு அவன் கத்திக்குத் தப்பி நெல்லிக்காய் அளவில் வாளிக்குள் விழுந்தது.

"என்னய்யா பண்றே?"

"வந்தா களைப்பா இருப்பா. நாளைக்குள்ளது ரெடியா இருக்கட்டும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா தினமும் நான்தானே சீவணும். பழகிக்கறேன்."

திட்ட வந்தவள் திட்டாமல் நின்றேன். அந்த நேரத்தில் பனிக்குள் ஒரு வண்டி நின்று புறப்பட்ட சத்தம் கேட்டது. தலையில் வாழைத்தாரோடு வைதீரா நடந்து வந்தாள். தாரை இறக்கினாள். வாளிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்ன, கிழங்கா, கோலிக்குண்டா?"

முச்சிரி கத்தியோடு எழுந்து நின்றான். அவள் தரையில் கிடந்த தடித்த தோலைப் பொறுக்கினாள்.

"பாதிக் கிழங்கு தோலோட போயிடுச்சு. இப்படிச் சீவினா நாம பொழைச்ச மாதிரிதான்."

"நாமளா?" என்றான்.

"ஆட்டைப் பத்தி அண்ணன் உன்கிட்டப் பேசணுமாம். ஞாயித்துக்கெழமை வரச் சொன்னாரு."

எங்கள் ஜனங்களில் ஆட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் அது கல்யாணப் பேச்சுதான். முச்சிரிக்கு அதுவும் புரிய நேரமாயிற்று.

"அண்ணன்கிட்டச் சொல்லத்தான் போனியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?"

"சொல்லாம என்ன? நாலு வாளி நெறைய வச்சிட்டுத்தானே போனேன்" என்று அவன் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டாள்.