பதினைந்து மைலுக்கு மேலே போகாத லொறி

முதலாளி அக்சிலேட்டருக்குக் கீழே ஒரு பாலை மரக் கட்டையை வைத்து, தன் கையாலேயே ஆணி அடித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இனிக் காலை எவ்வளவு அமத்தினாலும் மிதி அந்தக் கட்டையோடு நின்றுவிடும்.

"பதினைஞ்சு மைலுக்கு மேல ஓடினால் எண்ணெய் குடிக்கும். உன்னை நம்பேலாது, கட்டையை நம்பலாம்" என்றார்.

யுத்தத் தடையால் வன்னிக்கு டீசல் வராத காலம் அது. மண்ணெண்ணெயில் கொஞ்சம் கழிவு ஒயில் கலந்துதான் லொறி ஓடியது. அதுவும் போத்தல் கணக்கில்தான் கிடைக்கும். அவர் சிக்கனம் பார்த்ததில் நியாயம் இருந்தது. ஆனால் றோட்டில் அந்தக் கட்டையோடு போகிறவன் நான்.

எங்கள் குடும்பம் இனக்கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியது. எனக்கு மண்வெட்டி பிடிக்கவில்லை, ஸ்டியரிங் பிடித்தது. விசுவமடுப் பக்கத்து நெல்லைக் கிளிநொச்சி மில்லுக்கு ஏற்றுவது என் வேலை. வேகம் காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. ஒரு மைலுக்கு நாலு நிமிசம் என்று கையில் கட்டிய மணிக்கூட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

அதே றோட்டில் காலையில் மாத்தளன் கரையிலிருந்து மீன் லொறி ஒன்று வரும். அதன் சாரதி வேதக்காரர், கழுத்தில் சிலுவை போட்டவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஐஸ் இல்லாத காலத்தில் மீனுக்கு மேலே ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு பறப்பார். அவருடைய முதலாளி எண்ணெய்க்குக் கணக்குப் பார்க்கவில்லை. மீன் பழுதானால்தான் சத்தம் போடுவார்.

ஒருநாள் விசுவமடுச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இரண்டு பேரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம்.

"ஏன்ரா தம்பி, பிரேதம் கொண்டுபோற மாதிரி ஓடுறாய்?" என்று கேட்டார்.

"நீங்கள் ஏன் அண்ணை இப்பிடிப் பறக்கிறியள்?"

"எட்டு மணிக்குள்ள சந்தையில நிக்காட்டி என்ர மீன் நாறிப்போம். உன்ர நெல்லு நாறாது."

கட்டையின் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப என்னைப் பின்னால கண்டால் நீயே பாத்துக் கை காட்டு. உன்ர புழுதிக்குள்ள எனக்கு ஒண்டும் தெரியிறேல்லை" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஒழுங்கு. தார் போன இடமெல்லாம் கிறவல். என் சில்லு கிளப்பும் புழுதி பின்னால் ஒரு சுவர் மாதிரி நிற்கும். அவர் அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து ஹோர்ன் அடிப்பார். நான் முன்னால் பார்த்துவிட்டுக் கையை வெளியே நீட்டுவேன். நீட்டிய கை அசையாமல் இருந்தால் நில். வீசினால் வா.

அவர் அப்படி முந்திப் போகும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பயந்தான். அவர் தனியே வேகமாய் ஓடினால் பயமில்லை, நான் தனியே ஆமை மாதிரிப் போனாலும் பயமில்லை. இரண்டும் ஒரே ஒடுங்கின றோட்டில் சந்திக்கிற அந்த அரை நிமிசந்தான் பொல்லாதது. கொஞ்சம் வேகமாய் ஓடி, அகலமான இடத்துக்குப் போய் முந்துகிறவருக்கு இடம் கொடுக்கக்கூட என் காலுக்குக் கீழே வழி இல்லை. முதலாளியிடம் இரண்டு முறை கேட்டேன்.

"கட்டையைக் கழட்டினால் நீயும் அவனை மாதிரிப் பறப்பாய். தோட்டக்காட்டானுக்கு லொறியைத் தந்ததே பெரிசு" என்றார். மூன்றாம் முறை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அறுவடை முடிந்த ஒரு காலை. மூட்டை வழக்கத்தைவிட அதிகம். தர்மபுரம் தாண்டி ஒரு மதகுக்குக் கிட்டப் போகிறபோது பின்னால் ஹோர்ன். விட்டுவிட்டு அல்ல, விடாமல். அன்றைக்கு அவர் பிந்திவிட்டார் போல. எதிரே, மதகுக்கும் அப்பால், ஒருவர் சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு வந்தார். றோட்டில் பாதி அகலத்துக்கு விறகு. எனக்கு அவர் வெகு தூரத்தில் தெரிந்தார். கையை வீசினேன்.

மீன் லொறி புழுதியைக் கிழித்துக்கொண்டு என் பக்கத்துக்கு வந்தது. பாதி வந்ததும் ஒரு கிடங்குப் பள்ளத்தில் விழுந்து வேகம் குறைந்தது. அண்ணை திரும்ப அமத்தினார். சைக்கிள் மதகில் நின்றது, இறங்க இடமில்லை. நான் பிறேக்கில் ஏறி நின்றேன். நெல்லின் பாரம் லொறியை முன்னுக்குத் தள்ளியது. இடப்பக்கம் நான், நேரே விறகுக்காரர். அண்ணை வலப்பக்கம் வெட்டினார். லொறி மதகின் கட்டில் மோதி வாய்க்காலுக்குள் சரிந்தது.

விறகுக்காரருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அண்ணையின் வலது கால் இரும்புக்குள் சிக்கிக் கிடந்தது. நானும் விறகுக்காரரும் கதவைப் பிரித்து அவரை இழுத்தோம். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களில் நாலு பேர் எங்களோடு கை கொடுத்தார்கள். மிச்சப் பேர் சட்டையைக் கழற்றி, றோட்டில் சிதறின மீனைப் பொறுக்கினார்கள். பசிக்காலம் என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு எனக்கு அவர்கள் முகத்தில் துப்ப வேண்டும் போல இருந்தது.

கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு வாகனம் இல்லை. அவரை என் லொறியின் முன்சீட்டில் படுக்க வைத்து, தலையை விறகுக்காரரின் மடியில் வைத்தோம். ஜக் கம்பியை எடுத்து அந்தப் பாலைக் கட்டையை நெம்பினேன். ஆணியோடு பிய்ந்து வந்தது. தூக்கி வாய்க்காலுக்குள் எறிந்துவிட்டு முழுக்காலையும் அமத்தினேன். அவ்வளவு காலத்தில் அந்த லொறி அன்றைக்குத்தான் லொறி மாதிரி ஓடியது.

"மெதுவாப் போ தம்பி" என்றார் அவர். "குலுக்குது. நோகுது."

கிளிநொச்சி ஆசுபத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த கிழமை லொறிச் சங்கத்தில் விசாரணை வைத்தார்கள். மோதினது அவர் என்றாலும், வழி விட்டது நான். நான் கட்டையைப் பற்றிச் சொன்னேன்.

"என்ன கட்டை?" என்று கேட்டார் என் முதலாளி. "இருந்தால் கொண்டுவந்து காட்டட்டும்."

வாய்க்காலில் இரண்டு நாள் தேடினேன். பெருக்கெடுத்த தண்ணி அதை எங்கேயோ கொண்டுபோயிருந்தது. கட்டையை நெம்பினதைக் கண்ட விறகுக்காரரின் ஊர் பேர் தெரியாது, அண்ணையோ ஆசுபத்திரியில். ஆணி ஓட்டையைக் காட்டினேன். பழைய லொறியில் ஓட்டைக்கு என்ன பஞ்சம் என்று சிரித்தார்கள்.

"நீ கை காட்டினனியோ இல்லையோ?" என்று தலைவர் கேட்டார்.

"ஓம், காட்டினனான்."

அதோடு விசாரணை முடிந்தது. அன்றைக்கே வேலை போயிற்று. பிறகு எவரும் எனக்கு லொறி தரவில்லை. எனக்குப் பிடிக்காத மண்வெட்டியைத்தான் கடைசியில் பிடித்தேன். ஆசுபத்திரிக்குப் போனபோது அண்ணையின் மனைவி வாசலிலேயே மறித்தா. "நீங்கள் இனி வராதேங்கோ. உங்களைக் கண்டால் அவர் இரவு முழுக்க நித்திரை கொள்ளார்" என்றா. கோபமாய்ச் சொல்லவில்லை. கோபமாய்ச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

சண்டை வந்து கிளிநொச்சிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்த பிறகு, விசுவமடுவில் நிவாரண வரிசையில் அவரை ஒருமுறை கண்டேன். கக்கத்தில் கம்பு, கையில் உரப்பை. எனக்கு முன்னால் இரண்டு பேர் தள்ளி நின்றார். திரும்பி என்னைக் கண்டவர், நின்றவர்களைத் தன் முன்னால் போகவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒண்டு கேக்க வேணும். நீ கை வீசேக்க சைக்கிள் எவ்வளவு தூரத்தில வந்தது?"

"நல்ல தூரத்தில அண்ணை. சத்தியமாத் தூரத்திலதான்."

அவர் கக்கத்துக் கம்பைச் சரிசெய்துகொண்டார்.

"உன்ர ஓட்டத்துக்குத் தூரம்" என்றார். "எனக்கு அது பக்கத்திலயடா."

வரிசை நகர்ந்தது. அவர் பங்கை வாங்கி, பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.