பூபாலனுக்குப் புரிகிற தாள்

ஸ்கெட்ச் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றிவிட்டு, கிழித்த காலண்டர் தாளைத் தையல் மிஷின் மேல் கவிழ்த்துப் போட்டுப் புஷ்பலதா வரைந்துகொண்டிருக்கிறாள். ஒரு வட்டம், நாலு குச்சி: மனுஷன் ரெடி. வட்டத்துக்குத் தொப்பி வைத்தால் தம்பி பூபாலன். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் அவளே.

பூபாலனுக்கு நாற்பது நெருங்குகிறது. மூளை வளர்ச்சி குறைவு, எழுத்து ஏறவில்லை. ஆனால் சுவரில் படம் ஒட்டிவிட்டால் அதுதான் அவனுக்குச் சட்டம். குடம் என்றால் குளியல். சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பது காலை மாத்திரை. எதிர் டீக்கடை டில்லிபாபு விளையாட்டாக ஒரு டம்ளரை வரைந்து ஒட்டிவிட்டுப் போனான். பூபாலன் பொழுதுக்கும் கடையில் போய்க் கைநீட்டினான்.

"யக்கா, கிழிச்சுப் போடுக்கா, என் பாலெல்லாம் காலி!"

"ஒட்டுனவன் நீதானே? ஊத்து" என்றாள், நூலைக் கடித்தபடி.

வரைந்ததும் தம்பியிடம் நீட்டுவாள். "இன்னா சொல்லுது?" அவன் வேறு எதையாவது சொன்னால் தாளைக் கசக்கிவிட்டு அடுத்தது. "புரியாட்டி வரைஞ்சவ மேலதான் தப்பு" என்பாள்.

இந்த மாதம் கசக்கியது அதிகம். கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய் ஈரலுக்குப் போய்விட்டது. இனி மருந்தெல்லாம் வலிக்கு மட்டும்தான். அரக்கோணம் பக்கம், இவனைப் போன்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் தம்பிக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறாள். அக்கா செத்துப்போவாள், திரும்பமாட்டாள், அதற்கு அவன் காரணமில்லை. இதை எப்படி வரைவது? புரியவைக்காமல் போனால், சோறு தண்ணி இல்லாமல் வாசலிலேயே காத்துக் கிடப்பான்.

முதலில், கண்மூடிப் படுத்த அக்காவை மாலையோடு வரைந்தாள். அந்தச் சுவர்ப் படங்களில் கண்மூடினால் தூக்கம். அன்று முழுக்க அவன் வாசலில் நின்று தெருவையே அதட்டினான். "உஸ்ஸு! அக்கா தூங்கிகினு கீது!" மலைக்கோயிலுக்குக் காவடியோடு பம்பை மேளம் அடித்துப் போனவரின் கையையே பிடித்துவிட்டான்.

இன்றைய தாளில் இல்லம், கட்டில், சோற்றுத் தட்டு, தொப்பி. பொட்டு இல்லை.

"இன்னா சொல்லுது நைனா?"

பூபாலன் விரல் வைத்துத் தேடுகிறான். தாளைத் திருப்பியும் பார்க்கிறான். அங்கே தேதிகள்தான்.

"அக்காவ மறந்துட்ட."

"மறக்கல. அக்கா அங்க வராதுடா. எப்பவும் வராது."

"ஆங்" என்கிறான். அவள் நெற்றிக்குக் கைநீட்டி, பொட்டை நகத்தால் பெயர்த்தெடுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்துகிறான். பசை போயிருக்கிறது, ஒட்டவில்லை. மறுபடி அழுத்துகிறான். தாள் நழுவாமல் இருக்க, அதன் ஓரத்தைப் புஷ்பலதா பிடித்துக்கொள்கிறாள்.