விற்ற வீட்டுக்குத் தார் பூசியவர்

பிள்ளைகளே, உங்களையும் உங்கள் அம்மாவையும் ஏன் அத்தனை தாமதமாகப் போர்ட் பிளேயருக்கு அழைத்துக்கொண்டேன் என்று கேட்கிறீர்கள். எழுதியே வைத்துவிடுகிறேன்.

வந்த புதிதில் நம் ஜில்லாக்காரக் கான்ட்ராக்டர் ஒருவரிடம் தச்சு வேலை பார்த்தேன். "கையில வாங்கினா கரைஞ்சிடும் தம்பி, எங்கிட்டயே கிடக்கட்டும். குடும்பத்தக் கூட்டிவர்றப்ப மொத்தமா வாங்கிக்க" என்பார். சாப்பாட்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு மீதிக் கூலியை அவரிடமே விட்டுவைத்தேன். கேட்ட நாளில் கையை விரித்தார். வழக்குப் போட்டுத் தீர்ப்பும் வாங்கினேன். போர்ட் பிளேயரை ஒட்டிய கராச்சர்மாவிலிருந்த அவர் வீட்டை ஜப்தி செய்யப் போனால், வழக்கு நடக்கும்போதே அதை மெயின்லேண்டில் இருக்கும் மைத்துனர் பேருக்குக் கிரயம் செய்திருந்தார். "நானே இப்ப வாடகைக்கு இருக்கிறவன்பா" என்று சிரித்தார்.

கடன் கொடுத்தவனை ஏமாற்றச் செய்த கிரயம் செல்லாது என்று கோர்ட்டில் கேட்கலாம் என்றார் வக்கீல். மறுபடி வழக்கு. அதோடு நான் உட்கார்ந்த பெஞ்சில் நம்மவர்கள் உட்காருவதில்லை. டீக்கடையில் ஒருவர் என் காதுபடவே, "ஊர்க்காரனையே கோர்ட்டுக்கு இழுத்த மகராசன் வர்றாரு, எந்திரிச்சு வழிவிடுங்கப்பா" என்றார். சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. வேலை முடிந்து அறைக்கு வந்தால் மறுநாள் காலைவரை ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது.

மழைக்கு முன்னால் தகரக் கூரைக்குத் தார் பூசுவது இங்கே வழக்கம். அந்த வருஷம் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன், விற்றுவிட்டதாகச் சொன்ன அந்த வீட்டுக் கூரைமேல் கான்ட்ராக்டரே ஏறிப் பூசிக்கொண்டிருக்கிறார். வக்கீலிடம் சொன்னேன். கூண்டில் அவரை நிறுத்தி, "தாருக்குக் காசு கொடுத்தது மைத்துனர்தானே?" என்று வக்கீல் இந்தியில் கேட்டார். மைத்துனர் காசு என்றதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அவன் எதுக்குக் கொடுக்கணும்? அப்னா கர் ஹை சாப்! என் வீட்டுக்கு நான் பூசாம எவன் பூசுவான்?"

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் குனிந்து எழுதிக்கொண்டார்.

கிரயம் வெறும் ஏமாற்று, வீட்டை ஜப்தி செய்யலாம் என்று தீர்ப்பானது. ஏலத்துக்கு வருமுன் கான்ட்ராக்டர் பணத்தைக் கட்டிவிட்டார். கோர்ட்டு வாசலில் என்னைக் கடந்துபோனபோது முகம் பார்க்கவில்லை. அவரோடு வந்த நம்மவர்களும் பார்க்கவில்லை. இனி உங்களுக்குக் கப்பல் டிக்கெட் எடுக்கலாம் என்ற சந்தோஷத்தைச் சொல்லக்கூட அங்கே எனக்கு யாருமில்லை.

அன்று சாயங்காலம் அறையில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துவைத்து, சுண்ணாம்பு கரைத்து வெள்ளையடித்தேன். ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாததால், கை எட்டிய உயரம்வரைதான் அடித்தேன்.