வடிவின் கட்டைவிரல்

எங்கள் கல்லூரித் தாவரவியல் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஆறு பேர் இருக்கிறோம். ஆறு பேரில் ஒருவருக்கும் பூமொட்டை நசுக்கி ஒழுங்காக ஒரு ஸ்லைடு போட வராது. அதைச் செய்கிறவர் வடிவு. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். தினக்கூலிக்குப் பெருக்கச் சேர்ந்து, எட்டு வருஷம் கழித்து ஆய்வக உதவியாளர் ஆனவர். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாணவர்கள் கெடுத்துப் போட்ட ஸ்லைடுகளைக் கழுவும்போது, இது ஏன் கெட்டது என்று ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

வேலை சின்னதுதான், ஆனால் ஆளைப் படுத்தி எடுத்துவிடும். ஊமத்தை மொட்டைக் காலை ஒன்பது மணி சுமாருக்குப் பறிக்க வேண்டும். மகரந்தப் பைக்குள் தாய்ச் செல்கள் பிரிந்து மகரந்தமாகத் தொடங்கியிருக்கும் மொட்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். வடிவு மொட்டின் நீளத்தைப் பார்த்தே, “இது ஆவாது, முத்திடுச்சி” என்று தள்ளிவிடுவார். பையைப் பிய்த்து, சிவப்புச் சாயம் விட்டு, மெல்லிய கண்ணாடியால் மூடி, ஸ்பிரிட் விளக்கில் காட்டி, புறங்கையில் வைத்துச் சூடு பார்த்து, ஒற்றுத்தாளின் மேல் கட்டைவிரலால் ஒரே ஒரு அழுத்து. குறைந்தால் செல்கள் குவிந்து கிடக்கும். கூடினால் கூழ்.

என்னிடம் ஆராய்ச்சி செய்யும் துர்கா, வடிவு போட்ட ஸ்லைடுகளில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். ஒரு தாய்ச் செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு, நடுச்சுவரில் உள்ள சின்னத் துவாரம் வழியாகக் குரோமாட்டின் போய்க்கொண்டிருந்தது. குரோமாட்டின் என்றால் அந்தச் செல்லின் பரம்பரைச் சொத்து. அதை அடுத்த வீட்டுக்காரருக்கு ஜன்னல் வழியாக எடுத்து நீட்டுகிற மாதிரி இருந்தது. கொடுத்த செல் சில சமயம் காலியாகிவிடும், வாங்கிய செல்லில் வேண்டாத அளவுக்குச் சேர்ந்துவிடும். பல செடிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். எதற்காக நடக்கிறது என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஸ்லைடை நசுக்கும்போது ஆகிற சேதம்தான் இது என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

துர்காவின் ஆய்வை மதிப்பிட வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்தக் கட்சி. படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“யாரோ நல்லா அமுக்கிட்டாங்க குமரகுரு.”

இருபத்திரண்டு மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மூக்கறுபட்ட மாதிரி ஆகிவிட்டது. வடிவு காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

“செங்கல் அறுத்த கை சார், வேற எப்படி இருக்கும்?” என்றேன்.

வடிவு கல்யாணத்துக்கு முன்னால் வாலாஜாபாத் பக்கம் சூளையில் செங்கல் அறுத்தவர். ஏதோ பேச்சுவாக்கில் அவரே என்னிடம் சொன்னது. நம்பிச் சொன்னதை எடுத்து அவர் முகத்திலேயே வீசினேன். நான் பட்டுத்தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா, என் கை மட்டும் பட்டு என்று நினைப்பு. மறுநாளே அவரை ஸ்லைடு மேசையிலிருந்து எடுத்து, உலர்ந்த செடிகளை ஒட்டி வைத்திருக்கும் அறைக்குத் தூசி தட்ட அனுப்பினேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

துர்கா விடவில்லை. விரலே படாமல் பார்த்துவிடலாம் சார் என்றாள். கூரம் ஊருக்குப் போகும் வழியில் ஊமத்தை மொட்டுகளைப் பறித்து, செல்கள் அப்படியே நிற்கும்படி பறித்த இடத்திலேயே மருந்தில் போட்டோம். அவற்றை முழுசாக மெழுகில் பதித்து, கருவியில் வைத்துச் சீவல் சீவலாக வெட்டினோம். ஏழு வாரம் ஆயிற்று. கடைசியில் ஒரு சீவலில் அது இருந்தது. சுவரில் துவாரம், துவாரத்தில் சிவப்பு இழை, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். துர்கா துள்ளிக் குதித்தாள். எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் வெட்கம் வந்தது.

தூசி அறைக்குப் போய் வாசலிலேயே நின்றேன்.

“வடிவு, உங்க விரல் இல்லம்மா. செடியேதான் அப்படிச் செய்யுது. நசுக்காம வெட்டிப் பாத்துட்டோம்.”

“தெரியும் சார்.”

“எப்படித் தெரியும்?”

“ஆடி மாசம் எம் பொண்ணுக்கு காய்ச்சல்னு லீவு போட்டேனே, அன்னிக்கு நீங்கதான் ஊமத்தைல ஸ்லைடு போட்டீங்க. மறுநாளு கழுவறதுக்கு முன்னாடி மைக்ரோஸ்கோப்புல வச்சிப் பாத்தேன். அதுலயும் இதே மாதிரிதான் போய்க்கினு இருந்துது.”

“நான் அப்படிப் பேசினப்பவே இத சொல்லி இருக்கலாமேம்மா!”

“இன்னான்னு சார் சொல்றது? உங்க கையும் சூளைக் கைதான்னா?”

குரலை அவர் உயர்த்தவே இல்லை. மன்னித்துவிடச் சொன்னேன், நாளையிலிருந்து மேசைக்கு வந்துவிடுங்கள் என்றேன்.

“பசங்க முன்னாடி சொன்னீங்க சார். இதையும் அங்கியே சொல்லிடுங்க. அப்புறமா வரேன்.”

அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. துறைத்தலைவர் காதுக்குப் போகுமே, பசங்க பின்னால் பேசுவார்களே என்றெல்லாம் கிடந்து தவித்தேன். அந்த ஏழு வாரமும் வடிவு எப்படி இந்தக் கட்டடத்துக்குள் வந்து போனார் என்று யோசித்தபோதுதான் உறைத்தது. நான் பயந்தது ஒரு நாளுக்கு.

மறுநாள் செய்முறை வகுப்பில் இருபத்திரண்டு பேரும் இருந்தார்கள். வடிவைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னேன். அன்று நான் சொன்னது தப்பு, ஆராய்ச்சியாகப் பார்த்தாலும் தப்பு, மனுஷனாகப் பார்த்தாலும் தப்பு. இவர் கைவேலையின் மேல்தான் துர்காவின் ஆய்வே நிற்கிறது. எழுதி வைத்துக்கொண்டு வந்ததில் பாதியைச் சொல்ல விட்டுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

வடிவு கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மொட்டைப் பொறுக்கினார், பையைப் பிய்த்தார், சாயம் விட்டார், விளக்கில் காட்டிப் புறங்கையில் சூடு பார்த்தார். ஒற்றுத்தாளை மடித்து மேலே வைத்து, ஸ்லைடை என் பக்கம் நகர்த்தினார்.

“நீங்க அழுத்துங்க சார். அவங்களும் பாக்கட்டும்.”

ஒற்றுத்தாளின் மேல் கட்டைவிரலை வைத்தேன். அழுத்தினேன். துர்கா நுண்ணோக்கியில் குனிந்து ஸ்லைடை மெல்ல மெல்ல நகர்த்தித் தேடினாள். பசங்க மேசையைச் சுற்றி நெருங்கி நின்றார்கள்.

“இருக்குது சார். உங்களுதுலயும் போவுது.”

அதைக் கேட்ட பிறகுதான் வடிவு ஸ்லைடு மேசை முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.