பீலிக்கு மேலே போகும் ரயில்

நாங்கள் மலேசியாவுக்குச் சும்மாதான் போனோம். வேலைக்கு இல்லை, நேர்த்திக்கடனுக்கு இல்லை, அங்கே யாரும் சாகவும் இல்லை, யாருக்கும் கல்யாணமும் இல்லை. சுற்றிப் பார்க்கப் போனோம். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை.

இலங்கை மலைநாட்டில், பதுளையில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சீருடையும் ரவிக்கையும் தைத்துச் சேர்த்த காசில் நால்வர் போனோம். நான், என் வீட்டுக்காரர், மகள், என் அம்மா. அம்மா அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் காலம் முழுக்கக் கொழுந்து பறித்தவள். வேலையை விட்ட பிறகும் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில்தான் இருக்கிறாள். என்னோடு வந்து இரு என்றால், உன் தையல் மெஷின் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வராது என்பாள்.

போவதற்கு முந்தின ஞாயிறு, கோயில் பூசை முடிந்து வெளியே வந்ததும் அம்மாவின் லயத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"வெளிநாடு போறதுன்னா வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வரலாமே. மாதாவைப் பாத்த புண்ணியமாச்சும் இருக்கும். அங்க எதுக்கு?"

"பாக்கத்தான்" என்றாள் அம்மா.

"என்னத்த?"

"போனாதானே தெரியும்."

விமான நிலையத்தில் அதிகாரி அம்மாவின் கடவுச்சீட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வீட்டு வேலைக்கா என்று கேட்டார். என் மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அம்மா முந்திக்கொண்டாள். "இந்த வயசுல யாராச்சும் வேலைக்குக் கூப்புட்டா சொல்லுங்க தொர, போறேன்." அவர் சிரிக்கவில்லை. முத்திரையைக் குத்தினார். மலைநாட்டுப் பெண் விமானம் ஏறினால் அடுத்தவன் வீட்டைக் கூட்டத்தான் என்று எல்லோரும் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தை அங்கே காட்ட முடியவில்லை. இங்கே காட்டுகிறேன்.

கோலாலம்பூரில் உயரமான கட்டிடம் பார்த்தோம், பறவைப் பூங்கா பார்த்தோம். குகைக்கோயிலில் அம்மா படி ஏறவில்லை. கீழே நின்று, ஏறினவர்களின் பைகளைக் குரங்கு பிடுங்குவதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவளை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

அடுத்த நாள் வேன் மலை ஏறியது. ஓட்டி வந்தவர் அந்த ஊர்த் தமிழர். நல்ல மனிதர்தான், வாய் ஓயாது. குளிர் வர வர அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஒரு வளைவு திரும்பியது. இரண்டு பக்கமும் தேயிலை.

"இதுதான்மா இங்க ரொம்ப பேமஸ்" என்றார் அவர். "எல்லாரும் இதப் பாக்கத்தான் வராங்க."

 என் மகள் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "கடல் தாண்டி வந்து கொழுந்தப் பாக்கவா?" என்றாள்.

இறங்கினோம். மேட்டில் பலகை அடித்து மேடை கட்டியிருந்தார்கள். அதில் நின்று பார்க்கலாம், தேநீர் குடிக்கலாம். பக்கத்தில் ஒரு கூடையும் ஓலைத் தொப்பியும் வைத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு படம் எடுக்க வரிசை நின்றது.

"அம்மாவும் கூடைய மாட்டுங்க. ஞாபகத்துக்கு ஒரு படம்" என்றார் வேன்காரர்.

"எறக்கி வச்சிட்டு வந்தவகிட்ட மாட்டச் சொல்றியே தம்பி" என்றாள் அம்மா. அவர் வாயை மூடிக்கொண்டார்.

அம்மா மேடைக்குப் போனாள். ஆனால் தேயிலையைப் பார்க்கவில்லை. தேயிலைக்கு முதுகைக் காட்டி நின்று, பார்க்கிறவர்களைப் பார்த்தாள். தூரத்துச் சரிவில் ஆட்கள் எறும்பு மாதிரி வேலை செய்தார்கள். அவர்களைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படம் எடுத்தார்கள் இங்கே நின்றவர்கள்.

"அப்படி என்னத்தத்தான் பாக்கறாங்க?" என்று கேட்டாள்.  "நம்ம மலைக்கு மேலயும் ரயில் போகுதுல்ல. தெனம் கை காட்டிட்டுப் போவாங்க. நாங்களும் அண்ணாந்து கை காட்டுவோம். அங்கருந்து பாத்தா என்ன தெரியும்னு ஒரு நாளும் நான் பாத்ததில்ல."

அவள் ரயிலில் போகாதவள் இல்லை. போயிருக்கிறாள், மூன்றாம் வகுப்பில், நின்றுகொண்டு, அடுத்தவர் முதுகைப் பார்த்தபடி. ஜன்னல் கிடைத்ததில்லை. நான் கொழும்புக்குப் போவது எப்போதும் பஸ்ஸில்.

"திரும்பிப் போறப்ப ரயில்ல போவமா? ஜன்னலோரமா?"

அம்மா என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. இதைக் கேட்டாள்.

வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. விமான நிலையத்துக்கு அவருடைய கூட்டாளி வேன் கொண்டு வருவதாக ஏற்பாடு. ஏறினால் வீடு, தூங்கிக்கொண்டே போகலாம் என்றார். தூங்க நீங்கள் போங்கள், நாங்கள் பார்த்துக்கொண்டு வருகிறோம் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரும் ரயிலுக்கே வந்தார். மகள் போனிலேயே இருக்கைகளைப் பதிவு செய்திருந்தாள். அம்மாவுக்கு ஜன்னல்.

அதிகாலையில் விமானத்தை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, கொழும்புக் கோட்டை நிலையத்தில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்து ரயில் ஏறினோம். அம்மாவின் கால் வீங்கிவிட்டது. செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள். நாவலப்பிட்டி வரை தூங்கினாள். பிறகு தூங்கவில்லை. ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள்.

ஒகிய நிலையம் தாண்டியதும் ஒரு வழிகாட்டி வந்தான். பின்னால் ஒரு வெள்ளைக்கார ஜோடி. பையன் எங்கள் ஆள்தான், பேச்சிலேயே தெரிந்தது.

"அம்மா, கொஞ்சம் எந்திரிச்சு இந்தப் பக்கம் உக்காருறீங்களா? இனித்தான் நல்ல எடம் வருது. இவங்க போட்டோ எடுக்கணும்."

"இது அவங்க பேர்ல பதிஞ்ச சீட்டு" என்றேன்.

"தெரியுதுக்கா. பாவம், வெளிநாட்டுலருந்து வந்திருக்காங்க. நீங்க தெனம் பாக்கறதுதானே."

"நாங்களும் வெளிநாட்டுலருந்துதான் வர்றோம்."

அவன் சிரித்தான். "வெளையாடாதீங்கக்கா."

நான் பெட்டியை இழுத்து அவன் முன்னால் வைத்தேன். விமானத்தில் ஒட்டிய பட்டை கைப்பிடியில் தொங்கியது. "படி" என்றேன்.

வீட்டுக்காரர் என் கையைத் தொட்டார். "அஞ்சு நிமிசந்தானே. விடேன்."

"அப்ப ஒங்க சீட்டக் குடுங்க."

"அப்பா சீட்லருந்து பாத்தா கக்கூஸ் கதவுதான் தெரியும்" என்றாள் மகள். எதிரில் இருந்த ஆள் சிரித்துவிட்டார். வழிகாட்டிக்கு முகம் சிவந்தது. அஞ்சு நிமிசத்துக்காக இவ்வளவா என்று முணுமுணுத்தான். நான் எழுந்து நின்றேன். அந்த அஞ்சு நிமிசத்துக்குத்தான் அம்மா விமான நிலையத்திலிருந்து வீங்கின காலோடு வந்திருந்தாள். என்ன பேசினேன் என்று எல்லாம் எழுத மாட்டேன். ரயில் பெட்டி முழுக்கக் கேட்டது.

அம்மாதான் என்னை உட்காரச் சொன்னாள். அவனைக் கேட்டாள். "தம்பி, நீ எந்தத் தோட்டம்?"

"பண்டாரவளை டவுன்தாம்மா."

"அது இப்ப. ஒங்கம்மா எந்தத் தோட்டம்?"

அவன் வெளியே பார்த்தான். பிறகு ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னான்.

"அப்ப அவளும் கீழருந்து அண்ணாந்துதான் பாத்திருப்பா. நான் பாத்துட்டு எந்திரிக்கறேன். அதுவரைக்கும் இரு."

 வெள்ளைக்காரப் பெண் என் மகளிடம் ஏதோ சொன்னாள். தாங்கள் இடம் கேட்கவே இல்லை, இவனாகத்தான் போய்க் கேட்டான் என்றாளாம். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ரயில் மலையைக் குடைந்த குகைக்குள் போய் வெளியே வந்தது. "இதுதான் நம்ம தோட்டம்" என்றாள் அம்மா. சரிவு முழுக்கத் தெரிந்தது. லயத்துக் கூரை, கூரையில் வைத்த கற்கள், கோயில் சிலுவை, பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம். அம்மா ஒவ்வொன்றாக விரல் நீட்டினாள். ரயில் ஒரு வளைவில் மெதுவாகியது. அம்மாவின் விரல் நின்றது.

நேர் கீழே பீலி. மலையிலிருந்து வரும் தண்ணீரைக் குழாய் வைத்து விழவிட்டிருக்கும் இடம். எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் குளிப்போம். சுற்றிலும் மண்திட்டு, மேலே தேயிலை. அங்கே நின்றால் ரயில் சத்தம் கேட்கும், ரயில் தெரியாது. அது நமக்குத் தெரியாததால் நாமும் அதற்குத் தெரிய மாட்டோம் என்று நம்பியிருந்தோம். அம்மா நம்பினாள். கல்யாணமாகிப் போகும்வரை நானும் அங்கேதான் குளித்தேன்.

இந்த வளைவிலிருந்து எல்லாம் தெரிந்தது. இரண்டு பெண்கள் மார்போடு துணியைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி தலைக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் தொங்கியவர்கள் சத்தம் போட்டுக் கை காட்டினார்கள். அம்மாவின் தோளுக்கு மேலாக அந்த வெள்ளைக்காரியின் போன் நீண்டது.

அம்மா திரும்பி முழு உள்ளங்கையை அந்தப் போனின் மேல் வைத்து அழுத்தினாள். அந்தப் பெண் சிரித்தபடி ஏதோ சொல்ல வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். வளைவு முடியும்வரை அம்மா கையை எடுக்கவில்லை.

பிறகு எழுந்து வழிகாட்டியிடம், "இந்தா, உக்காரச் சொல்லு. நான் பாத்துட்டேன்" என்றாள். யாரும் உட்காரவில்லை.

"மாப்ள" என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "நீங்க இந்த ரயில்ல எத்தனையோ தடவ போயிருக்கீங்க. ஒங்களுக்குத் தெரியுமா?"

"கவனிச்சதில்லங்க அத்தை" என்றார் அவர், தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு.

ஆண்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்தானே. ஒருவனும் வந்து சொல்லவில்லை. சொன்னால், நீ எதற்குப் பார்த்தாய் என்ற கேள்வி வரும். வீட்டுக்காரரோடு நான் இரண்டு நாள் பேசவில்லை. அதற்கு வருத்தமும் இல்லை.

டிக்கெட் பதுளைக்கு. அப்புத்தளையிலேயே இறங்கினோம். முச்சக்கர வண்டியில் பெட்டிகளைத் திணித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். லயத்தில் எல்லோரும் ஓடி வந்து, மலேசியாவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அம்மா பெட்டியைத் திறக்கவில்லை. பெண்களை மட்டும் பீலிக்குக் கூட்டிக்கொண்டு போய், மேலே கையைக் காட்டி, பார்த்ததைச் சொன்னாள். முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஆளுக்கொரு பழைய படங்கைக் கொண்டு வந்து போட்டார்கள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற, நனையாத தடித்த துணி அது. கீழே பெரகல சந்தியில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் கயிறு வாங்கினோம். நான் பதுளையிலிருந்து மெஷினை வேனில் ஏற்றி வந்து, படங்கைத் தாங்குகிற கட்டை ஊசி போட்டு எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்தேன். நாலு ஊசி முறிந்தது. சவுக்குக் கம்பு நட்டு, பீலியைச் சுற்றிலும் தலைக்கு மேலேயும் கட்டினோம்.

அடுத்த வாரம் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்தார். யாரைக் கேட்டுக் கட்டினீர்கள் என்றார். ரயிலிலிருந்து பார்த்தால் அசிங்கமாக இருக்கிறதாம். மேலே தங்குமிடம் நடத்துகிற யாரோ சொன்னார்களாம். காட்சி கெடுகிறதாம்.

"அசிங்கமாத்தான் இருந்துச்சு. நான் ரயில்லருந்து பாத்தேன். அதனாலதான் கட்டுனேன்" என்றாள் அம்மா. "அவுக்கணும்னா நீங்களே அவுத்துக்குங்க. உள்ள குளிச்சிக்கிட்டு இருக்காங்க."

அவர் போய்விட்டார். படங்கு இன்னும் இருக்கிறது. காற்று மாதத்தில் கிழியும். கிழிந்தால் அம்மா எனக்குப் போன் எடுப்பாள். நான் கட்டை ஊசியோடு போவேன்.