மேற்குச் சுவரில் இரண்டு பூச்சுகள்

ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். அதற்குள் மண்ணும் வைக்கோலும் தண்ணீரும் மூன்று வாரமாக ஊறிக்கொண்டிருந்தன. வளைகுடா ஊரான அல் ஐனில் பேரீச்சந்தோப்பை ஒட்டிய பழைய மண்கோட்டையைப் பழுதுபார்க்கும் வேலையில் நான் சேர்ந்த அன்று, முதலில் வரவேற்றது அந்த டிரம்மின் நாற்றம்தான். அதைக் கிளறிக்கொண்டிருந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா. நான் எம்.டெக்., அவர் வெறும் டிப்ளமா. ஆனால் சைட்டில் எல்லோருக்கும் சந்தேகம் தீர்ப்பது அவர். கோயம்புத்தூர்க்கார மேனேஜர்கூட என்னிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்கு அக்காவின் முகத்தைப் பார்ப்பார். வயிறு எரியும் எனக்கு.

மேற்குச் சுவர் உப்புப் பூத்து அரித்துப்போயிருந்தது. ஆளுக்கொரு பாகம் பூசுங்கள், மழைக்கு எது நிற்கிறதோ அதன்படி முழுச் சுவரையும் செய்யலாம், அதைப் பூசியவரே பொறுப்பு என்றார் மேனேஜர். அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும். அதைவிட, அவருக்குக் கிடைக்கக் கூடாது. நான் தண்ணீர் புகாத கெமிக்கல் அடித்தேன். அக்கா டிரம்மிலிருந்த சேற்றைப் பூசினார். ஒரு மழைக்குக் கரைந்துவிடும் என்று கிண்டலடித்தேன்.

"கரையட்டும் தம்பி. உள்ளுக்க இருக்கிற பழஞ்சுவர் கரையாட்டிச் சரி."

மழைக்கு முந்தைய நாள் மாடியில் ஏறினேன். அக்காவின் பாகத்துக்கு நேர் மேலே, மழைநீரைச் சுவரில் படாமல் தள்ளிவிடும் மரத் தூம்பு பிளந்திருந்தது. தகரம் வைத்து அடைக்க ஐந்து நிமிடம் போதும். கீழே அக்கா யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இறங்கி வந்து டீ குடித்தேன்.

மழை விட்டபோது அவர் பூச்சு கஞ்சியாய்த் தரையில் கிடந்தது. என்னுடையது பளபளத்தது. அக்கா நிமிர்ந்து தூம்பைப் பார்த்தார்.

"பிழை என்ர தான் சேர். தூம்பு வெடிச்சுக் கிடக்கு, நான் ஏறிப் பாக்கேல்லை."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியாப்பா?"

"இல்ல சார்."

பொறுப்பு எனக்கு வந்தது. அக்கா பஹ்ரைனுக்கு மாற்றல் வாங்கிப் போனார். முழுச் சுவருக்கும் அடிக்கக் கெமிக்கல் வந்து இறங்குவதற்குள் என் பூச்சு உப்பிவிட்டது. தோப்புக்குப் பாய்ச்சும் தண்ணீர் அடியிலிருந்து சுவருக்குள் ஏறியிருக்கிறது. வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உப்புக் கட்டி, நாலு விரல் பழஞ்சுவரையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது என் பூச்சு. அக்காவின் பாகத்தில் போனது பூச்சு மட்டும்தான். பழைய மண்கல் ஒன்றுகூட அசையவில்லை.

இன்று அந்தச் சுவர் முழுக்க அவருடைய சேறு. அவர் இல்லாததால், சந்தேகம் என்றால் எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் அவர்மேல்தான் கோபம் வருகிறது.

போன வாரம் அக்கா போன் செய்தார். அங்கே பழைய வீடு ஒன்றைப் பழுதுபார்க்கிறார்களாம், ஆள் தேவையாம்.

"உங்கட பேரைக் குடுத்திருக்கிறன் தம்பி. ஒண்டும் விடாமல் பாக்கிற ஆள் எண்டு சொன்னனான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.